ஆர்எக்ஸ் 100-ஐத் தினமும் ஓட்டலாம்: பழைய டூஸ்ட்ரோக் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை விற்கிறவர் முதலில் செய்வது ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டுவதுதான். அந்தச் சத்தத்தில் வாங்க வந்தவரின் பாதிப் புத்தி கரைந்துவிடும். மீதியைப் புது பெயிண்டும் குரோமும் பார்த்துக்கொள்ளும். சத்தம் சைலன்சரிலிருந்து வருவது. நாம் காசு கொடுத்து வாங்குவது கிராங்க்கையும் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஆர்சி புத்தகத்தையும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் டேங்க் நசுங்கிய, பெயிண்ட் உரிந்த வண்டியைக்கூட நம்பி வாங்கலாம். இரண்டும் கெட்டிருந்தால் இனாமாகக் கிடைத்தாலும் தள்ளிக்கொண்டு வர வேண்டாம்.

இந்த வழிகாட்டி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வேலைக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் தினசரி ஓட்ட ஆர்எக்ஸ் தேடுவோருக்கானது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வாங்குவோருக்கு அல்ல. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985 கடைசியில் தொடங்கி 1996 வரை ஆர்எக்ஸ் 100-ஐத் தயாரித்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நான்கு கியர், 100 கிலோவை ஒட்டிய எடை. பிறகு வந்த 135 வரிசை 2005 வரை ஓடியது. கீழே வரும் அளவுகள் 100-க்கானவை. சோதனை முறைகள் இரண்டுக்கும் பொது.

1. முதலில் உங்கள் பாதையைக் கணக்குப் போடுங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போய்வர 100. லிட்டருக்கு 35 கொடுக்கும் நல்ல நிலை வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: தினம் 2.9 லிட்டர் பெட்ரோல், 70 மில்லி டூடி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூஸ்ட்ரோக் ஆயில்). பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணில் போட்டாலும் நாளுக்கு 290, ஆயிலுக்கு இன்னொரு 30. மாதம் 25 நாள் என்றால் 8000 ரூபாய். இதே தூரத்தை 60 கொடுக்கும் 100 சிசி ஃபோர்ஸ்ட்ரோக் வண்டி 4200-க்கு முடித்துவிடும்.

பணத்தைக்கூட விடுங்கள். என்.எச். 44-ல் கண்டெய்னர் லாரிகள் பின்னால் நெருக்கிக்கொண்டு வரும். இந்த வண்டி 60, 65 வரைதான் நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் நெடுநேரம் பிடித்தால் காற்றில் மட்டுமே குளிரும் பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) சூடேறும். பிரேக் முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம். ஹெட்லைட் மேக்னெட் (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்) கரன்ட்டில் எரிவது, ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிச்சமும் மங்கும். இரவு ஷிஃப்ட் முடித்து சூளகிரி வழியாக வீடு திரும்புவோருக்கு இது விளையாட்டல்ல.

எங்கள் கணிப்பு: ஒரு வழி 20, 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் வாங்குங்கள். கிருஷ்ணகிரி–காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி–பர்கூர், பாலக்கோடு–தருமபுரி, ஓசூர்–பாகலூர் போன்ற ஓட்டங்களுக்கு இது அழகான வண்டி. அதற்கு மேல் என்றால் கம்பெனி பஸ்சில் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை ஆர்எக்ஸ் ஓட்டுங்கள். ஓசூரில் டிவிஎஸ் ஆலையும் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் இருக்கும் மாவட்டத்தில் நின்றுகொண்டு 30 வருடமான, புகை விடும் பைக் தேடுகிறோம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆசை என்று வந்துவிட்டால் அதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

2. வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

ஃபோனிலேயே வண்டி எண்ணை வாங்கி அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் போட்டுப் பாருங்கள். டிஎன் 29 தருமபுரி, டிஎன் 24 கிருஷ்ணகிரி, டிஎன் 70 ஓசூர். தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1995 ஜூனில் பதிவான வண்டி என்றால் 2010, 2015, 2020, 2025 என்று நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். "எஃப்சி (தகுதிச் சான்று) மட்டும் போட்டால் போதும் சார்" என்று சொல்லப்படும் வண்டிகளில் பாதி, 2010-க்குப் பிறகு ஆர்டிஓ வாசலையே மிதிக்காதவை.

புதுப்பிப்பது படிவம் 25-ல். 20 வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்கான கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 2000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. இந்தக் கணக்கை விற்பவர் தலையில் கட்டுங்கள், அல்லது விலையில் கழியுங்கள். வாகன ஆய்வாளர் முன்னால் வண்டியை நேரில் நிறுத்த வேண்டும், சேசிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எண் தெளிவாக இல்லாத வண்டி அங்கேதான் மாட்டும்.

சில பழைய வண்டிகளின் விவரம் கணினியிலேயே ஏறியிருக்காது. தளத்தில் எண் வரவில்லை என்றால் விற்பவர்தான் அசல் ஆர்சியோடு போய் அதை ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு பேசலாம். அதற்கு முன் அட்வான்ஸ் கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வேறு ஆர்டிஓ எல்லை என்றால் படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று). எப்போதோ வாங்கிய கடன் ஆர்சியில் இன்னும் நின்றால் படிவம் 35. நிறைய ஆர்எக்ஸ் இன்றும் அப்பா பெயரில், தாத்தா பெயரில் கிடக்கிறது. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்ந்து முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். "நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு, பிரச்சனை இல்ல" என்ற வார்த்தை கையெழுத்து ஆகாது.

எல்லையோர ஊர் என்பதால் கர்நாடகப் பதிவு வண்டிகள் ஓசூர்ப் பக்கம் நிறைய வரும். கேஏ வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும்: அங்கிருந்து என்ஓசி, இங்கே வரி, படிவம் 27. வண்டி மலிவாகத் தெரிவதே இந்த அலைச்சலைக் கழித்த விலை என்பதால்தான்.

ஆர்எக்ஸ் திருடர்களுக்கும் பிடித்த வண்டி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் என்ஜின், சேசிஸ் எண்களைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

3. எண்ணும் பிளாக்கும்

நேரில் போனதும் ஃபிரேம் எண்ணையும் கிராங்க்கேசில் உள்ள என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு 1எல்1 என்ற முன்னெழுத்து வர வேண்டும். எண் அடித்த இடத்தில் அரம் தேய்த்த தடம், மற்ற இடத்தைவிட மினுக்கம், வரிசை கோணல், எழுத்துக்கு எழுத்து ஆழம் மாறுவது ஆகிய எதைக் கண்டாலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது பிளாக். ஆர்எக்ஸ் 100-ன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50. 135-ல் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. அதனால் 135 பிளாக்கை 100-ன் கிராங்க்கேசில் ஏற்றுவது பட்டறைகளில் சர்வ சாதாரணம். ஓட்ட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆர்சியில் 98 சிசி, வண்டியில் 132 சிசி. விபத்து நடந்தால் காப்பீட்டில் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள். போர்ட்டை (கலவையும் புகையும் போய்வரும் துளை) குடைந்து பெரிதாக்கிய பிளாக்குகளும் உண்டு. வேகம் கூடும், ஆனால் கீழ் கியரில் இழுவை போகும், பெட்ரோல் குடிக்கும், ரிங் சீக்கிரம் தேயும். தினசரி வண்டிக்கு ஆலை போர்ட் உள்ள பிளாக்தான் வேண்டும்.

எத்தனை முறை போர் அடித்திருக்கிறது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறது என்று கேளுங்கள். பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டராக ஏறும்: ஸ்டாண்டர்டு, 25, 50, 75, 100. ஸ்டாண்டர்டு அல்லது 25-ல் இருந்தால் பிளாக்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 100-க்குப் போய்விட்டால் அடுத்த முறை சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உள்ளுறை) இறக்க வேண்டும். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் ஹெட்டை (பிளாக்கின் மேல்மூடி) கழற்றிப் பிஸ்டன் தலையைத் துடைத்தால் சைஸ் அடித்திருக்கும். ஹெட் கழற்ற நான்கு நட்டு, பத்து நிமிடம். அதற்கே சம்மதிக்காதவரிடம் அதிகம் பேச வேண்டியதில்லை.

4. குளிர்ந்த என்ஜினைக் கேளுங்கள்

வருவதற்கு முன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பிளாக்கின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

சாவி போடாமல் கிக்கரின் மேல் மெதுவாக உடல் எடையை வையுங்கள். நல்ல கம்ப்ரஷன் உங்களைச் சிறிது நேரம் தாங்கிவிட்டு, அப்புறம் இறங்கும். குழாயில் தண்ணீர் இறங்குவது போலச் சறுக்கிக்கொண்டு போனால் ரிங்கோ பிளாக்கோ தேய்ந்துவிட்டது. கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் கூட வந்தால் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு கிக் அடித்து அளக்கட்டும். 100 பிஎஸ்ஐ-க்குக் கீழே என்றால் மேல்பக்க வேலை காத்திருக்கிறது.

பிறகு சோக் போட்டு உதையுங்கள். இரண்டு, மூன்று உதையில் பிடிக்க வேண்டும். தை மாத ஓசூர்க் காலை என்றால் ஐந்து வரை மன்னிக்கலாம். கிளம்பியதும் வெள்ளை நீலப் புகை வரும். சூடேறியதும் மெலிய வேண்டும். புகையே வராத டூஸ்ட்ரோக்கைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்: ஆயில் போகவில்லை என்று அர்த்தம். சூடான பிறகும் தெரு மறைகிற அளவு புகைந்தால் அடுத்த பகுதி உங்களுக்கானது.

5. கிராங்க்கும் ஆயில் சீலும்

ஃபோர்ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கும். டூஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ்தான் காற்றும் பெட்ரோலும் வந்து அழுந்தி மேலே போகிற அறை. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்க்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் சீல்தான் அந்த அடைப்பு. நூறு ரூபாய்ப் பொருள். பத்தாயிரம் ரூபாய் என்ஜினை ஜாம் ஆக்குவதும் அதுவேதான்.

இடது பக்கம், மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் காய்ந்து கீறினால் வெளிக்காற்று உள்ளே புகும். காற்று கூடி பெட்ரோல் குறையும். அதோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பருத்து பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: சூடான வண்டியை நியூட்ரலில் ஒருமுறை முறுக்கி விடுங்கள். சட்டென்று ஐடிலுக்கு இறங்க வேண்டும். தொங்கிக்கொண்டு நின்று மெதுவாக இறங்கினால் காற்றுக் கசிவு. கார்ப்பரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டு ரப்பர் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதன்மேல் கார்ப்பரேட்டர் கிளீனரை லேசாக அடியுங்கள். ஐடில் மாறினால் கசிவு அங்கே, மாறாவிட்டால் சீலில்.

வலது பக்க சீல் போனால் கிளட்ச் பக்கமுள்ள கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி எரிக்கும். புகை மூட்டம், கருகிய கனத்த நாற்றம், கியர் ஆயில் மாதத்துக்கு மாதம் காணாமல் போவது எல்லாம் இதன் வேலை. ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அதே சீல் எதிர்த்திசையிலும் விடுகிறது.

இனி கிராங்க். இடது பக்க மேக்னெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். மேக்னெட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். மயிரிழை ஆட்டம்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டுப் பிஸ்டன் மேலே வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து சற்றே இறங்கிய இடத்தில் மேக்னெட்டை வலமும் இடமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டுங்கள். மேக்னெட் அசைந்த மறுகணமே ஸ்ட்ராவும் அசைய வேண்டும். மேக்னெட் நகர்ந்து, ஒரு நொடி எதுவும் நடக்காமல், பிறகு 'டிக்' என்று ஸ்ட்ரா குதித்தால் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது. இந்த 'டிக்' ஓடும்போது சத்தத்தில் அமுங்கிவிடும். நின்ற வண்டியில் விரல் நுனிக்குத் தெரியும்.

கிராங்க் வேலை என்றால் என்ஜினை முழுதாகப் பிளக்க வேண்டும்: ராடு கிட், இரண்டு மெயின் பேரிங், இரண்டு சீல், கேஸ்கெட் செட், கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்து மறுபடி நேராக்கும் கூலி. கிராங்க்கை நேராக்கத் தெரிந்த லேத் பட்டறை எல்லா ஊரிலும் இல்லை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். உதிரி பாகத்துக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடும் சென்னை புதுப்பேட்டையும் உண்டு. ராடு கிட்டிலும் பிஸ்டனிலும் மட்டும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

6. ஆயில் பம்ப் இருக்கிறதா

ஆர்எக்ஸ்-க்கு ஆலையிலேயே ஆட்டோலூப் பம்ப் உண்டு. என்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டர் திறப்புக்கும் ஏற்ப டூடி ஆயிலை அளந்து விடும். நிறைய பட்டறைகளில் இதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு "மிக்ஸ் பண்ணி ஓட்டிக்குங்க" என்று விட்டுவிட்டார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. தினம் வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய தலைவலி. பங்க்கில் பையன் இரண்டு லிட்டர் அடித்துவிடுவான், நீங்கள் ஃபோன் பேசிக்கொண்டே கிளம்பிவிடுவீர்கள், அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் ஜாம்.

பம்ப் இருந்தால் வலது பக்கக் கவரைத் திறந்து ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். பம்ப்பின் சக்கரமும் கூடவே சுழன்று திரும்ப வேண்டும். குழாயில் ஆயில் நிறைந்திருக்க வேண்டும், காற்றுக் குமிழி கூடாது. குமிழி இருந்தால் பம்ப்பில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஆயிலை வடியவிட்டு மூட வேண்டும். அந்த நேரத்தில் என்ஜின் ஓடினால் டேங்க்கில் கலவை பெட்ரோல் இருக்கட்டும்.

பம்ப் இல்லாத வண்டியே கிடைத்தது என்றால் அளவு இது: 1:40 என்பது லிட்டருக்கு 25 மில்லி, 1:30 என்பது 33 மில்லி. தினசரி ஓட்டத்துக்கு 25 முதல் 30 மில்லி போதும். புது போர் என்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு 35. ஜாசோ (டூடி ஆயிலுக்கான ஜப்பானியத் தர அளவு) எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். பயந்துகொண்டு 50, 60 மில்லி ஊற்றுவோர் உண்டு. ஆயில் கூடினால் அதே லிட்டரில் பெட்ரோல் குறைகிறது, பிளக் நனைகிறது, சைலன்சர் கார்பனால் அடைக்கிறது. பாதுகாப்பு கூடுவதில்லை.

7. ஓட்டிப் பார்ப்பது

குறைந்தது 15 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டாவது கியரில் முழுதாக முறுக்கி விடுங்கள். கியர் தானாக நழுவினால் பல் மழுங்கிவிட்டது. மூன்றாவது கியரில் மேட்டில் ஏற்றுங்கள்: சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட். நடு வேகத்தில் திணறிவிட்டுப் பிறகு பிய்த்துக்கொண்டு போனால் ரீட் வால்வின் (கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாத அடைப்பான்) இதழ் உடைந்தோ தூக்கியோ இருக்கலாம். மொத்தத்திலேயே மந்தம், மேல் வேகம் வரவில்லை என்றால் சைலன்சர் அடைப்பு.

முடித்துவிட்டு நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு உதையுங்கள். குளிரில் ஒரே உதையில் பிடித்த வண்டி சூட்டில் மறுத்தால் இக்னிஷன் காயிலோ சிடிஐயோ (பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) சூட்டில் படுத்துவிடுகிறது. தருமபுரி சித்திரை வெயிலில் இதுதான் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

ஃபோர்க் வடிகிறதா, ஸ்விங்ஆர்ம் ஆடுகிறதா, டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் துரு தெரிகிறதா என்பதெல்லாம் எந்தப் பழைய வண்டிக்கும் பொது. டயர் மட்டும் ஒரு வார்த்தை: பட்டன் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். அது டயர் இல்லை, காய்ந்த ரப்பர்.

8. விலை பேசும்போது

மெருகேற்றிய ஆர்எக்ஸ் லட்சத்தைத் தாண்டி விற்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பெயிண்டுக்கும் குரோமுக்கும் போகிறது. தினசரி ஓட்டுபவர் தேட வேண்டியது பெயிண்ட் மங்கிய, ஒரே கையில் ஓடிய, அசல் சைலன்சரும் ஏர் ஃபில்டர் பெட்டியும் பம்ப்பும் உள்ள வண்டி. நீங்கள் கண்ட குறைகளுக்கு மெக்கானிக்கிடம் விலை கேட்டு, அந்தத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். கிராங்க் சத்தம் உள்ள வண்டிக்குக் கழிவு கேட்க வெட்கப்பட வேண்டாம். புதிதாகச் சத்தம் கூட்டிய சைலன்சர் இருந்தால் அசலைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போகும்.

புகைச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனத்துக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி. ஒழுங்கான கார்ப்பரேட்டர் உள்ள ஆர்எக்ஸ் இதைத் தாண்டாது. காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியம், 75 முதல் 150 சிசி வரை, 2022-ல் நிர்ணயித்தபடி வருடம் 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

9. வாங்கிய முதல் வாரம்

ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். இரண்டு கிராங்க் சீலும் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். இடது பக்கத்துக்கு என்ஜினைப் பிளக்க வேண்டியதில்லை, மேக்னெட் புல்லர் போதும். கியர் ஆயிலை வடித்து இருசக்கர வாகனத்துக்கான 20டபிள்யூ40 ஊற்றுங்கள்; கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜை மண்ணெண்ணெயில் அலசி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு வலை மூடி மாட்டும் பழக்கம் இந்தப் பக்கத்துக் கிரானைட் தூசியில் ஒரு பிளாக்கைத் தின்றுவிடும். பெட்ரோல் குழாய், டேப் வாஷர், பிளக், பிளக் தொப்பி, கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் புதிது.

இப்போது பெட்ரோல். பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5 வரும். 1980-களின் கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். ஆக, கலவை எட்டு சதவீதம் அளவுக்கு வறண்டு போகிறது. வறண்ட கலவையும் டூஸ்ட்ரோக்கும் ஒன்று சேர்ந்தால் முடிவு தெரிந்ததே. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள், அதன் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். ஊசி மேலே எழும்பி நடு வேகத்தில் பெட்ரோல் கூடும். காற்று ஸ்க்ரூவை மூடி ஒன்றரைச் சுற்று திறப்பது தொடக்கம், பிறகு காதால் சரிசெய்யுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஓடும் வேகத்திலேயே கிளட்ச் பிடித்து என்ஜினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். காபிக்கொட்டை நிறம் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் இன்னும் வறட்சி, கரிக்கறுப்பு ஈரம் என்றால் அதிகம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு வாரம் ஓட்டாமல் விடுவதென்றால் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரில் உள்ளதை எரியவிட்டு நிறுத்துங்கள். எப்போதும் வண்டி நின்றால் டேப் மூடியே இருக்கட்டும். பழைய டேப் கசிந்தால் பெட்ரோல் இரவோடு இரவாகக் கிராங்க்கேசில் இறங்கிவிடும்.

புது போர் என்றால் பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.04 மி.மீ. அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாமல் ஓட்டுங்கள். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஹெட், எக்சாஸ்ட் போர்ட், சைலன்சர் பேஃபிள் மூன்றிலும் கார்பன் சுரண்ட வேண்டும்.

10. இறக்கமும் ஜாமும்

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். ஃபோர்ஸ்ட்ரோக் பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிவிட்டு மூன்றாவது கியரில் என்ஜின் பிரேக்கில் இறங்குவோம். ஆர்எக்ஸ்-ல் அதைச் செய்தால் பிஸ்டன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், ஆயில் மட்டும் ஏறத்தாழ நின்றுபோயிருக்கும். கலவையில் ஓட்டினால் பெட்ரோலோடுதான் ஆயில் வரும். பம்ப் இருந்தாலும் மூடிய ஆக்சிலரேட்டரில் சொட்டுதான் வரும். நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள், ஆயில் போய்ச் சேரும். கணவாய்க்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து பிடித்தால் 130 மி.மீ. டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

நெடுஞ்சாலையில் ஓடும்போது இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். ஜாம் ஆவதற்கு முன் வண்டி சொல்லும்: காரணமில்லாமல் இழுவை குறையும், சத்தம் மெலிந்து ஒரு மாதிரி இரும்பு தேய்கிற கூச்சல் எழும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் தோன்றும். அந்த நொடியில் கிளட்ச் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள், இடது ஓரம் ஒதுங்குங்கள். கிளட்ச் பிடிக்கத் தவறினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

நின்றதும் உதைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் இரண்டு மூடி டூடி ஆயில் விட்டு, கையாலேயே கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் பிளக் மாட்டிக் கிளப்பி, 30-ல் பட்டறைவரை போகலாம். சுழலும்போது எங்கேயாவது உரசுகிறது என்றால் லோடு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். இதற்காகவே சீட்டுக்கு அடியில் இவை இருக்கட்டும்: ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், 100 மில்லி ஆயில் பாட்டில், கிளட்ச் கேபிள், ஒரு செயின் லாக் (செயினை இணைக்கும் கண்ணி), கை துடைக்கப் பழைய பனியன் துணி.